கேக் பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிப்பது எப்படி? உட்பொருள்களும் சேர்க்கைகளும் பற்றிய முழுமையான வழிகாட்டி

வேலூரில் மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிற யாரும் வெறுங்கையை வீசிக்கொண்டு போவதில்லை. நாலு ஆப்பிள், ஒரு பிரெட், கூடவே கேக்கோ ரஸ்கோ ஒரு பாக்கெட் என்று வாசல் கடையிலேயே வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவதுதான் இவ்வூர் வழக்கம். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் பெரியம்மா ஒரு சித்திரை மாதத்தில் காலில் புண்ணோடு படுத்திருந்தபோது நானும் அப்படித்தான் போனேன். கோதுமைக் கதிர் படம் போட்டு, 'கோதுமையின் நன்மை' என்ற பொருளில் ஏதோ எழுதியிருந்த ஒரு கேக் பாக்கெட்டை அவருக்கென்றே தேடி எடுத்திருந்தேன். "இன்னாடா வாங்கினு வந்த, அத இங்க குடு" என்று கையை நீட்டிய அக்கா, பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த எழுத்துகளைக் கண்ணருகே கொண்டுபோய் மூன்று பெயர்களை மட்டும் வாசித்தார்: மைதா, சர்க்கரை, பாமாயில். பாக்கெட் திரும்ப என் பைக்குள்ளேயே வந்துவிட்டது. கதிர் படத்துக்குரிய கோதுமை மாவு அந்தப் பட்டியலில் நான்காவதாக, 4 விழுக்காடு என்ற குறிப்போடு நின்றுகொண்டிருந்தது.

அக்கா செய்ததைத்தான் இந்த வழிகாட்டி விரிவாகச் சொல்கிறது. பாக்கெட்டில் அடைத்து வரும் கேக், கிரீம் பன், ஸ்விஸ் ரோல், குக்கீஸ், இனிப்பு ரஸ்க், கிரீம் பிஸ்கட் எல்லாவற்றுக்கும் ஒரே வாசிப்பு முறை போதும். பலர் 471, 282 போன்ற எண்களைக் கண்டு மிரண்டு பாக்கெட்டைக் கீழே வைக்கிறார்கள். என் கணிப்பில் அந்த எண்களில் பெரும்பாலானவை நாம் அஞ்சும் அளவுக்கு ஆபத்தானவை அல்ல. எண்ணே இல்லாமல், பழகிய பெயரோடு பட்டியலின் தலையில் நிற்கும் மூன்று பொருள்கள்தாம் உடம்பில் அதிகம் வேலை செய்கின்றன. ஆகவே வாசிப்பும் அந்த வரிசையிலேயே நடக்க வேண்டும்.

முதலில் கையில் வேண்டியவை

கைப்பேசி கேமரா ஒன்று போதும். உட்பொருள் பட்டியல் பெரும்பாலும் பளபளக்கும் தாளின் மடிப்பில், வெளிர் எழுத்தில் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே எளிது. இந்திய விதிப்படி இந்தத் தகவல்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மாநில மொழி கட்டாயமில்லை. குடியாத்தத்தில் கடை வைத்திருப்பவருக்கும் வாணியம்பாடியில் பிள்ளைக்குப் பாக்கெட் வாங்கும் பாட்டிக்கும் அந்த எழுத்துகள் இருந்தும் இல்லாதவையே என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை. அதனால் பாக்கெட்டில் காணப்படும் ஆங்கிலச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தில் ஆங்காங்கே தந்திருக்கிறேன். வீட்டில் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் பிடிபட்டுவிடும்.

முதல் படி: முன்பக்கத்தை மறந்துவிட்டு, பெயரை மட்டும் பாருங்கள்

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரத்துக்கு உரியது. அங்கே இருக்கும் பழம், தேன், பாதாம், வெண்ணெய்க் கட்டி யாவும் படங்கள். ஆனால் ஒரு பிடி இருக்கிறது: ஏதாவது ஓர் உட்பொருளைப் பெயரிலோ படத்திலோ உயர்த்திக் காட்டினால், அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பட்டியலில் விழுக்காடாகத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 'பட்டர்' என்று பெயர் சூட்டிய பிஸ்கட்டில் வெண்ணெய் எத்தனை விழுக்காடு, 'பாதாம்' கேக்கில் பாதாம் எத்தனை விழுக்காடு என்று தேடிப் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில், சில வேளை ஒன்றுக்கும் கீழே இருப்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம். சாக்லேட் என்பதற்குப் பதிலாகச் 'சோக்கோ' என்று பெயர் இருந்தால், பட்டியலில் கோகோ பொடி எவ்வளவு, சாக்லேட் நிறம் தருவதற்கான கேரமல் வண்ணம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: பட்டியலின் முதல் மூன்று பெயர்கள்

'இங்க்ரீடியன்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் வரும் பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி இறங்கும் வரிசையில் எழுதப்பட வேண்டும். இந்த ஒரு விதியைத் தெரிந்துவைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் நிற்பது பெரும்பாலும் 'ரிஃபைண்டு வீட் ஃபிளவர்', அதாவது மைதா. கோதுமையின் தவிடும் முளையும் நீக்கப்பட்டு மாவுச்சத்தும் புரதமும் எஞ்சிய மாவு அது. நார்ச்சத்து குறைவு, இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். மைதாவின் குறை இவ்வளவுதான், இதுவே போதுமானது. நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுதோறும் சுற்றி வரும் 'அலாக்சான்' கதையை இதோடு சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. அலாக்சான் என்பது ஆய்வகங்களில் எலிகளுக்கும் முயல்களுக்கும் செலுத்தி நீரிழிவை உண்டாக்கிப் பார்க்கும் வேதிப்பொருள். மாவில் கலக்கும் சேர்மானம் அன்று. பொய்க் காரணத்தைச் சொல்லி மைதாவைத் தவிர்க்கிறவர், அந்தக் காரணம் பொய் என்று தெரிந்த நாளில் மறுபடி மைதாவுக்கே திரும்பிவிடுகிறார் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

'வீட் ஃபிளவர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது முழுக் கோதுமை என்று பொருளாகாது. 'ஹோல் வீட் ஃபிளவர்' அல்லது 'ஆட்டா' என்று இருந்து, அதன் பக்கத்தில் விழுக்காடும் இருந்தால்தான் நம்பலாம். மைதாவும் ஆட்டாவும் சேர்ந்து வரும்போது எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது சர்க்கரை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே சர்க்கரையை மூன்று நான்கு பெயர்களில் பிரித்துச் சேர்த்தால், ஒவ்வொன்றின் எடையும் தனித்தனியே குறைந்து, பட்டியலில் கீழே இறங்கிவிடும். 'இன்வர்ட் சிரப்', 'லிக்விட் குளுக்கோஸ்', 'டெக்ஸ்ட்ரோஸ்', 'ஃபிரக்டோஸ்', 'கார்ன் சிரப்', தேன், வெல்லம், பழச்சாறு அடர்கரைசல் ஆகிய எல்லாம் கணக்கில் சர்க்கரையே. 'மால்ட்டோடெக்ஸ்ட்ரின்' சர்க்கரை என்ற பெயரில் வராது. ஆனால் மாவுச்சத்தை உடைத்துச் செய்த அது, சர்க்கரையைப் போலவே விரைவில் குளுக்கோஸாக மாறிவிடும். இவற்றில் மூன்று பெயர்கள் ஒரே பட்டியலில் இருந்தால், மனத்துக்குள் அவற்றைக் கூட்டி மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். நேர்மையாகச் சொன்னால், எல்லாப் பிரிப்பும் ஏமாற்றுக்காகச் செய்வதன்று: இன்வர்ட் சிரப் கேக்கை உலராமல் வைத்திருக்கும், பிஸ்கட்டுக்குப் பொன்னிறம் தரும். நோக்கம் எதுவானாலும் உடம்புக்குக் கணக்கு ஒன்றுதான்.

மூன்றாவது கொழுப்பு. இந்த இடத்தில்தான் சற்று நிதானிக்க வேண்டும்.

வீட்டில் வெண்ணெயோ எண்ணெயோ ஊற்றிச் செய்யும் கேக்கின் இடத்தில், பாக்கெட் கேக்கில் பெரும்பாலும் இருப்பது நியாய விலைக் கடையில் நாம் வாங்கும் பாமாயிலின் உறவுக்காரர்கள்தாம். 'எடிபிள் வெஜிடபிள் ஆயில்' என்பதன் அருகே 'பாம்', 'பாமோலின்' என்று எழுதியிருக்கும். 'எடிபிள் வெஜிடபிள் ஃபேட்', 'இன்டர்எஸ்டெரிஃபைடு வெஜிடபிள் ஃபேட்', 'ஷார்ட்டனிங்', 'மார்ஜரின்' என்று பெயர் மாறி வருவதும் உண்டு. மிகுந்தால் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் ஏறத்தாழப் பாதி. கடலை எண்ணெயிலோ அது 20 விழுக்காட்டுக்குள்தான். பாமாயிலைத் தயாரிப்பாளர்கள் விரும்பக் காரணம் விலை மட்டுமன்று. சாதாரண வெப்பத்தில் அரைத் திடமாக நிற்கும் தன்மை, மாவில் காற்றைப் பிடித்து வைத்துக் கேக்கை மெத்தென்று ஆக்குகிறது. எளிதில் காறலும் வீசுவதில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். உண்மையான சாக்லேட்டிலுள்ள கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். சத்துவாச்சாரிப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுக்குள் அது மே மாதத்தில் நிற்காது. கேக்கின் மேல் பூசிய சாக்லேட் அந்த வெயிலிலும் ஓரளவு உருக்குலையாமல் இருந்தால், அது எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெயைக் கெட்டியாக்கியது போன்ற கொழுப்பில் செய்த 'காம்பவுண்ட்' பூச்சு என்று ஊகிக்கலாம். பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

முன்பு 'ஹைட்ரஜனேட்டட்' கொழுப்பு, அதாவது வனஸ்பதி, இந்த இடத்தை வகித்தது. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அரைகுறையாக இறுகச் செய்யும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதைக் குறைப்பதால் இதயத்துக்குத் தீங்கானது. 2022 சனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளிலும், அவற்றைச் சேர்த்துச் செய்யும் உணவிலுள்ள கொழுப்பிலும் இப்படி ஆலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதனால்தான் இப்போது 'இன்டர்எஸ்டெரிஃபைடு' என்ற பெயர் பெருகியிருக்கிறது: ஹைட்ரஜனைச் செலுத்தாமல் கொழுப்பு மூலக்கூறுகளின் அமைப்பை மாற்றியே இறுகச் செய்யும் முறை அது. டிரான்ஸ் கொழுப்பு போனது உண்மையான முன்னேற்றம். ஆனால் 'டிரான்ஸ் ஃபேட் இல்லை' என்ற முத்திரையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அதற்கு மேல் வரியில் நிற்கும் நிறைவுற்ற கொழுப்பைக் காணாமல் விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் படி: எண்களை வகை பிரிப்பது

பாக்கெட்டில் வரும் ஐ.என்.எஸ். எண்கள் உணவுச் சேர்க்கைகளுக்கென்று உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட அடையாள எண்கள்; ஐரோப்பியப் பாக்கெட்டுகளில் இதே எண்களுக்கு முன்னால் 'ஈ' என்ற எழுத்து இருக்கும். எண் வைத்திருப்பதாலேயே ஒரு பொருள் செயற்கையானதாகிவிடாது: மஞ்சளிலுள்ள நிறப்பொருள் 100, எலுமிச்சையின் புளிப்பு 330, ஆப்ப சோடா 500, காடியின் அமிலம் 260. எண்ணுக்கு முன்னால் எந்த வேலைக்காகச் சேர்த்தார்கள் என்ற வகைப்பெயரும் இருக்கும். அந்த வகைப்பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

'ரெய்சிங் ஏஜென்ட்' என்பவை மாவைப் பொங்கச் செய்பவை. சோடா உப்பு 500, அதோடு வினைபுரியும் அமில உப்புகளான 450, 341 ஆகியவை கேக்கில் வரும். பேக்கரிக்காரர்கள் வெறுமனே 'அமோனியா' என்று சொல்லும் அமோனியம் பைகார்பனேட் 503. அது சூட்டில் முழுதும் வாயுவாகப் பிரிந்துவிடும். மெல்லிய பிஸ்கட்டில் அந்த வாயு வெளியேறிவிடுவதால் மணம் நிற்காது, தடித்த கேக்கில் போட்டால் நெடி உள்ளேயே தங்கிவிடும். ஆதலால் அதைப் பிஸ்கட் பாக்கெட்டில்தான் காண்பீர்கள். இவை தீங்கற்றவை. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உப்புக் கரிக்காத இனிப்புக் கேக்கிலும் சோடா உப்பின் வழியாகச் சோடியம் சேர்கிறது.

'எமல்சிஃபயர்' என்பவை எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிணைப்பவை. சோயாவிலிருந்து பெரும்பாலும் வரும் லெசித்தின் 322, மோனோ மற்றும் டைகிளிசரைடுகள் 471, அவற்றின் கிளைகளான 472 வரிசை, 475, 477, 481 ஆகியவை கேக்கில் அடிக்கடி தென்படும். முட்டையின் மஞ்சள் கருவில் இயற்கையாகவே லெசித்தின் இருக்கிறது. முட்டையில்லாத கேக்கில் அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும் என்பதே இந்த எண்களின் கதை. 471-க்கு இன்னொரு வேலையும் உண்டு. சுட்ட மாவுச்சத்து ஆறிய பின் மெல்ல மெல்ல மறுபடி இறுகுவதால்தான் நேற்றைய பன் இன்று விறைக்கிறது. 471 மாவுச்சத்தோடு ஒட்டிக்கொண்டு அந்த இறுகலைத் தாமதப்படுத்துகிறது. மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் பலர் 471 என்றால் பன்றிக் கொழுப்பு என்று கேள்விப்பட்டுத் தயங்குவதுண்டு. இந்த எண்ணின் மூலம் தாவர எண்ணெயாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம் என்பது உண்மைதான்; எண்ணைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் பாக்கெட்டில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால், விதிப்படி விலங்குக் கொழுப்பு அதில் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பாக்கெட்டில் இந்தக் குறி இருக்காது. ஹலால் முத்திரையையோ தயாரிப்பாளரின் விளக்கத்தையோதான் பார்க்க வேண்டும்.

'ஹியூமெக்டன்ட்' என்பவை ஈரத்தைப் பிடித்து வைப்பவை: கிளிசரால் 422, சார்பிட்டால் 420. மூன்று மாதமாகியும் கேக் ஈரமாகவும் இருக்கிறது, பூஞ்சையும் பிடிக்கவில்லை என்பது பலருக்கு மாயமாகத் தெரிகிறது. இந்தச் சூத்திரம் நம் அடுப்படிக்குப் புதிதன்று. அதிரசத்தில் ஈரம் இருந்தும் அது வாரக்கணக்கில் கெடாமல் நிற்பதற்குக் காரணம், வெல்லப்பாகு அந்த நீரை இறுகப் பிடித்துக்கொண்டு நுண்ணுயிருக்குக் கொடுக்க மறுப்பதுதான். சர்க்கரையும் 422-உம் 420-உம் பாக்கெட் கேக்கில் அதே வேலையைச் செய்கின்றன. சர்க்கரையில்லாத பிஸ்கட் என்று விற்பவற்றில் 420, மால்டிட்டால் 965 ஆகியவை இனிப்புக்காகவும் சேர்க்கப்படும். நிறையச் சாப்பிட்டால் வயிறு இளகும்.

'பிரிசர்வேட்டிவ்' என்பவை கெடாமல் காப்பவை. பிரெட்டிலும் பன்னிலும் கால்சியம் புரோப்பியோனேட் 282. கேக்கிலும் கிரீமிலும் சார்பிக் அமிலம் 200, அதன் பொட்டாசிய உப்பு 202. இடம் பார்த்துப் பிரித்திருப்பதற்குக் காரணம் உண்டு: 202 பூஞ்சையோடு ஈஸ்டையும் அடக்கிவிடும், அதனால் ஈஸ்ட்டால் பொங்க வேண்டிய பன் மாவில் அது உதவாது, 282 ஈஸ்டை அவ்வளவாகத் தொடுவதில்லை. அனுமதித்த அளவில் இவற்றுக்கு நான் அஞ்சுவதில்லை. வேலூர் வெயிலில் 282 இல்லாத பன்னை மூன்றாம் நாள் உண்பதற்குத்தான் அஞ்சுவேன். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் பிஸ்கட் பட்டியலில் 223 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாவை இளக்கச் சேர்க்கும் சல்ஃபைட் அது. சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும்.

'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற வகையில் 319, 320, 321 என்ற எண்கள் எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்க்கப்படுகின்றன. 924 வரிசையில் வரும் பொட்டாசியம் புரோமேட்டோ வேறு கதை. மாவை உறுதிப்படுத்தப் பயன்பட்ட அதை, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற ஐயத்தின் பேரில் இந்தியா 2016-இல் தடை செய்தது. அந்த எண் எந்தப் பாக்கெட்டிலாவது கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், புகாரும் செய்யலாம்.

நான்காம் படி: நிறமும் மணமும்

எண்களில் நான் தயங்கும் இடம் இது ஒன்றுதான், ஏனெனில் நிறம் சாப்பாட்டுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. டார்ட்ரசின் 102, சன்செட் எல்லோ 110, கார்மோய்சின் 122, பான்சோ 124 ஆகியவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைத் தருபவை. கேசரிப் பவுடர் என்று நாம் வாங்குவதும் இந்தக் குடும்பம்தான். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்நான்கையும் வேறு இரண்டையும் சேர்த்த உணவுகளில் 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்ற எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. இந்தியாவில் இவை அளவு வரம்போடு அனுமதிக்கப்பட்டவையே. எச்சரிக்கை வரி கிடையாது. இளஞ்சிவப்பு தரும் எரித்ரோசின் 127-க்கு உணவில் அளித்திருந்த அனுமதியை அமெரிக்கா 2025 சனவரியில் திரும்பப் பெற்றது. டூட்டி ஃபுரூட்டி எனப்படும் வண்ணத் துண்டுகள் பெரும்பாலும் பச்சைப் பப்பாளியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறமேற்றியவை என்பதையும் 'பழக் கேக்' வாங்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பப்பாளியும் பட்டியலில் 'ஃபுரூட்' கணக்கில்தான் வருகிறது!

160 வரிசையும் 100-உம் பெரும்பாலும் தாவர நிறங்கள். 150 வரிசை கேரமல். மணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 'நேச்சர் ஐடென்டிகல்' என்றால் இயற்கையில் உள்ள அதே மூலக்கூற்றை ஆலையில் செய்தது, 'ஆர்ட்டிஃபிஷியல்' என்றால் இயற்கையில் காணப்படாதது. வெண்ணெய் மணம் சேர்த்த இடத்தில் வெண்ணெய் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவே.

ஐந்தாம் படி: சத்து அட்டவணையில் ஒரு கணக்கு

இந்த இடத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். அட்டவணையில் 'பெர் சர்வ்' என்ற நிரலைப் பார்த்து, சர்க்கரை 6 கிராம்தானே என்று முழுப் பாக்கெட்டையும் முடித்த பிறகுதான், ஒரு பரிமாறல் என்பது 20 கிராம் என்றும் பாக்கெட்டின் எடை 60 கிராம் என்றும் அடியில் எழுதியிருப்பதைக் கண்டேன். மூன்று பேர் பங்கிட்டு உண்ண வேண்டியதாம் அந்த ஒற்றைக் கேக்.

அதனால் எப்போதும் 100 கிராம் நிரலிலிருந்தே தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக, 100 கிராமில் சேர்த்த சர்க்கரை 32 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். 60 கிராம் பாக்கெட்டுக்கு 0.6 ஆல் பெருக்கினால் சர்க்கரை 19.2 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 5.4 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் ஏறத்தாழ ஐந்து கரண்டிச் சர்க்கரை. இந்திய விதிகள் ஒரு நாளைக்கான கணக்கை 2000 கிலோகலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்று அடிப்படையாக வைத்திருக்கின்றன. அதன்படி இந்த ஒரு பாக்கெட்டில் சர்க்கரை வரம்பில் 38 விழுக்காடும் கொழுப்பு வரம்பில் கால் பங்கும் தீர்ந்துவிடுகின்றன. அந்த 50 கிராமும் பெரியவர்களுக்கான மேல்வரம்புதான். உலக சுகாதார நிறுவனம் அதில் பாதியாகக் குறைத்தால் கூடுதல் நன்மை என்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பார்த்தாலும் குறைவாகத்தான் கணக்கிட வேண்டும்.

'டோட்டல் சுகர்ஸ்' என்பதில் பாலிலும் உலர்திராட்சையிலும் இயல்பாக உள்ள சர்க்கரையும் அடங்கும்; 'ஆடட் சுகர்ஸ்' என்பது தயாரிப்பாளர் சேர்த்தது. பார்க்க வேண்டியது இரண்டாவதை. சர்க்கரை நோயாளிகளோ இவ்விரண்டையும் விட 'கார்போஹைட்ரேட்' என்ற மொத்த வரியைப் பார்ப்பதே சரி, ஏனெனில் சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் மைதாவின் மாவுச்சத்து முழுக்கக் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. மருத்துவமனை வாசல் கடைகளில் 'சுகர் ஃபிரீ' ரஸ்க்கைத் தாராளமாக வாங்கிச் செல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்ல நாக்கு துடிக்கும்.

ஆறாம் படி: ஒவ்வாமை, குறி, தேதி, உரிமம்

'கன்டெயின்ஸ்' என்று தடித்த எழுத்தில் வரும் வரியில் கோதுமை, பால், முட்டை, சோயா, நிலக்கடலை, கொட்டை வகைகள், சல்ஃபைட் ஆகியவை குறிக்கப்படும். 'மே கன்டெயின்' என்றால் அதே ஆலையில் அவை கையாளப்படுகின்றன, துகள் கலந்திருக்கலாம் என்று பொருள். கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் இதையும் முதல் வரியைப் போலவே கொள்ள வேண்டும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு 'வே பவுடர்', 'கேசினேட்', 'மில்க் சாலிட்ஸ்' எல்லாம் பாலே.

பச்சை வட்டம் சைவம். பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்த்த கேக்குக்குப் பழுப்புக் குறிதான் வரும், பால் சேர்த்ததற்குப் பச்சை. தயாரித்த தேதியையும் உண்ணத்தக்க கடைசித் தேதியையும் சேர்த்துப் பாருங்கள்; கோடையில் வெயில் விழும் கடையில் மாதக்கணக்கில் தொங்கியதை, தேதி இருந்தாலும் நான் வாங்குவதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் கொண்டது. 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் வழங்கிய உரிமம், 2 என்ற இலக்கத்தில் தொடங்கினால் சிறு தயாரிப்பாளரின் பதிவு.

பட்டியலே இல்லாதவற்றை என்ன செய்வது?

லாங்கு பஜாரிலோ காட்பாடியிலோ கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தாளில் சுற்றித் தரும் தேங்காய் பன், தில்பசந்து, வெட்டு கேக், கிரீம் பன் ஆகியவற்றுக்குப் பின்பக்கமே கிடையாது. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி; அதற்கும் ஒரு முறை உண்டு. "இதுல இன்னா கெமிக்கல் போடறீங்க" என்று தொடங்கினால் கடைக்காரர் முகம் மாறிவிடும். "அண்ணே, இது இன்னைக்குப் போட்டதா? டால்டாவா, எண்ணெயா? முட்டை இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே மாவு பிசையும் மாஸ்டரிடமே கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது. அன்றன்றைக்குப் போட்டு அன்றே விற்கும் கடையில் பிரிசர்வேட்டிவுக்குத் தேவை குறைவு. ஆனால் கொழுப்பும் சர்க்கரையும் பாக்கெட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறக் கிரீமை நான் தொடுவதில்லை. பஞ்சுமிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி கண்டறியப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். பாக்கெட்டில் எண்ணாவது இருக்கும், தட்டில் அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

பிரித்த பாக்கெட்டை அப்படியே மடித்து வைக்காமல், காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். பன்னையும் பிரெட்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை தாமதமாகும், ஆனால் மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் மிக விரைவாக இறுகி விறைக்கும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியிலேயே நிழலில் வைப்பதும், நாளாகும் என்றால் உறைபெட்டியில் வைப்பதும் சரி. பால் கிரீம் வைத்த கேக்குக்கு மட்டும் குளிர் கட்டாயம்.

சாக்லேட் பூச்சின் மேல் சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படர்ந்திருந்தால் அது பூஞ்சையன்று; வெயிலில் உருகிய கொழுப்பு மறுபடி இறுகும்போது மேலே வந்து நிற்பது, விரலால் தேய்த்தால் மறைந்துவிடும். பஞ்சு போல் எழும்பிய பச்சை, கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. அந்த ஓரத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்னக் கூடாது, அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். பன்னைப் பிட்டால் நடுவில் பிசுபிசுத்து, சிலந்தி நூல் போல் இழுபட்டு, அழுகிய பலாச்சுளையின் மணம் வீசினால் அது ஒரு வகைப் பாக்டீரியாவின் வேலை. அதன் வித்துகள் அடுப்புச் சூட்டிலும் சாகாமல் கிடந்து, கோடையில் மூன்றாம் நாள் முளைக்கும். வெளியே பார்த்தால் பன் நன்றாகத்தான் தெரியும். ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் ஒரு தடவை நடுவே பிட்டு மோந்து பாருங்கள்.